முதல் வரிசையின் வெளிப்பக்கம்

அந்தக் காரின் நிறம் வெண்ணெய் நிறம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்து வந்திருக்கிறேன். சில நாள் விழித்தெழும்போது அது வெறும் அழுக்கு வெள்ளைதானோ என்று தோன்றும். மழை விட்ட பிறகு வரும் வெளிச்சம் எல்லாவற்றையும் கொஞ்சம் மஞ்சளாக்கிவிடும். நான் சொல்லப்போவதில் எது கண்டது, எது பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே நிச்சயமில்லை. அது அங்கே இருந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

நாங்கள் பைன் ஹாலோ கார்ப் பந்தய ஓடுதளத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. வட கரோலினாவில் மலை தொடங்கும் இடத்தில் இருந்த பழைய அரை மைல் சுற்று அது. இரண்டு முனையும் கிண்ணம்போலச் சாய்ந்திருக்கும். வெளிவிளிம்பில் வெள்ளையடித்த சுவர். வண்டியை இறக்கும்போதே தூறல். ஈரத் தார், பழைய ரப்பர், வேலிக்கு அப்பால் பன்றி இறைச்சி வாட்டும் புகை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதே வாசனையில்தான் விடிந்திருக்கின்றன.

நான் ஸ்பாட்டர். ஸ்டாக் காருக்குள் பட்டை கட்டி உட்கார்ந்தவளால் தலையைத் திருப்ப முடியாது. தலைக்கவசம், கழுத்தைப் பிடித்திருக்கும் வார், இருபுறமும் இருக்கையின் காதுபோன்ற தடுப்புகள். பக்கத்தில் யார் உரசிக்கொண்டு வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. பார்வையாளர் அரங்கின் கூரைமேல் நிற்கும் நான் ரேடியோவில் சொல்வேன். உள்ளே கார். வெளியே கார். க்ளியர். நான் க்ளியர் என்றால் அவள் நகர்வாள். சொல்லாதவரை நகர மாட்டாள். எங்கள் தொழிலில் மௌனமும் ஒரு பதில். நான் இயல்பிலேயே பேச்சு குறைந்தவள் என்பதால்தான் டெலேனி க்ரௌடர் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

டெலேனிக்கு அப்போது இருபத்துநான்கு வயது. முந்தின நாள் தேர்வுச் சுற்றில் இரண்டாவதாக வந்திருந்தாள். அப்படியென்றால் முதல் வரிசையில், சுவரை ஒட்டிய வெளிப்பக்க இடம். எங்களுக்குப் பணம் போடும் கோழித்தீவனக் கம்பெனிக்காரர்கள் அன்று நேரில் வந்திருந்தார்கள். இன்று ஜெயித்தால் அடுத்த வருடம் வண்டி உண்டு, இல்லையென்றால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொரு பையனைப் போடுவோம் என்று எங்கள் குழு முதலாளி சொல்லியனுப்பிவிட்டார்.

சிக்கல் அந்த வெளிப்பக்க இடம்தான்.

எழுபதுகளில் வெர்னா ஸ்ட்ரவுட் என்றொருத்தி இங்கே அதே இடத்தைப் பிடித்தாள். மாலைப் பயிற்சியில் எவனோ சரிவின் கீழ்ப்பக்கமிருந்து மேலே ஏறி, மூன்றாவது வளைவில் அவளைச் சுவரோடு நெருக்கினான். கூரையில் நின்று சொல்ல அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. அவள் இறந்தாள். மறுநாள் பந்தயம் நடந்தது. அவளுடைய இடத்தை மட்டும் காலியாக விட்டார்கள். அதிலிருந்து வருடாவருடம், பச்சைக்கொடி அசைவதற்கு முந்தைய மெதுவான சுற்று ஒன்றில் வெளிப்பக்க இடம் காலியாக ஓடும். அந்தச் சுற்று முடிந்த பிறகுதான் இரண்டாவதாக வந்தவன் முன்னால் போய் அங்கே நிற்பான். இந்த வருடம் மழையால் தாமதம். தொலைக்காட்சிக்காரர்களுக்கு நேரமில்லை. அந்தச் சுற்று கிடையாது என்று மதியமே அறிவித்துவிட்டார்கள்.

நான் டெலேனியின் கார் சன்னல் பக்கம் குனிந்தேன்.

"கண்ணு, நீயா ஒரு சுத்து பின்னாடி நின்னுட்டு வாயேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எதுக்கு?"

"வெர்னாவுக்காக."

கையுறையின் பட்டையை இழுத்து ஒட்டினாள். "மிஸ் ரோண்டா, காலைலேர்ந்து பத்துப் பேர் எங்கிட்ட வெர்னாவப் பத்திக் கேட்டாச்சு. என் வண்டி எப்படி ஓடுதுன்னு ஒருத்தரும் கேக்கல. செத்துப்போன பொண்ணுன்னா தொப்பியக் கழட்டி எடம் விடுறாங்க. உசுரோட இருக்கிற பொண்ணுக்கு ஒரு சாண் விடுறாங்களா? இது எனக்குக் கெடச்ச எடம். நான்தான் நிப்பேன்."

நானும் ஒருகாலத்தில் ஓட்டியவள்தான்.

"விடு ரோண்டா," என்றான் எங்கள் குழுத் தலைவன் வெண்டல், டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே. "பேய்க்கெல்லாம் அந்தக் கோழித்தீவனக்காரன் காசு குடுக்க மாட்டான்."

டெலேனி சிரித்தாள். "வந்தா சொல்லிடுங்க மிஸ் ரோண்டா. 'வெளியே பேய்'னு."

சன்னலில் வலையை மாட்டினோம். அவள் முகம் மறைந்தது.

கூரை ஈரமாக இருந்தது. என் பக்கத்தில் வழக்கம்போலக் க்ளைட் சைக்ஸ். வேறொரு குழுவின் ஸ்பாட்டர். அந்த ஓடுதளத்திலேயே கிழவனானவர்.

"அந்தப் பொண்ணு அங்கேயே நிக்கப்போறாளா?" என்றார்.

"ஆமா."

"ஏம்மா, நீ சொல்லலியா?"

"சொன்னேன்."

அவர் பார்வையைத் தன் ஷூவுக்கு இறக்கினார். "நான் அந்த மூணாவது வளைவப் பாக்கிறதே இல்லம்மா. எங்க வண்டி ஓட்டுற பையன் அங்க போறப்ப மனசுக்குள்ள எண்ணிக்குவேன். வெளிய வந்தப்புறம்தான் பாப்பேன்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

கார்கள் இரண்டிரண்டாக, முன்செல்லும் வண்டிக்குப் பின்னால் மெதுவாக உருண்டன. முதல் வரிசையில் உள்ளே எட்டாம் எண் நீலக் கார். வெளியே எங்கள் சிவப்புக் கார். மேகம் தாழ்ந்து மலையை மூடியிருந்தது. இத்தனை இன்ஜின்களின் உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது. கனமான, நிதானமான சத்தம். பழைய இன்ஜின் குமிழியிடுவதுபோல.

மூன்றாவது வளைவில் முதல் வரிசை திரும்பியது.

அதில் மூன்று கார்கள் இருந்தன.

டெலேனிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மனிதன் பக்கவாட்டில் நடந்து போகுமளவு இடம்கூடக் கிடையாது. அந்த இடத்தில்தான் அது ஓடியது. நீண்ட மூக்கு, உருண்ட விளிம்பு, வெண்ணெய் நிறம். பச்சைக்கொடி அசைந்தது.

"வெளியே கார்!" என்று கத்திவிட்டேன்.

யோசித்துச் சொன்னதில்லை. கண் பார்த்தது, வாய் சொன்னது. அதுதான் என் வேலை. டெலேனி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கினாள். அந்த ஒரு நொடியில் ஐந்தாறு கார்கள் அவளை விழுங்கிக்கொண்டு போயின.

"எந்தக் காரு? யாரு?" ரேடியோவில் வெண்டல் அலறினான். "ரோண்டா, அங்க சுவருதான் இருக்கு!"

"தப்பாப் பாத்துட்டேன்."

"மிஸ் ரோண்டா," டெலேனியின் குரல் நடுங்கியது. கோபத்தில். "இன்னிக்கு வேணாம். இன்னிக்கு மட்டும் இப்படிப் பண்ணாதீங்க."

அதன்பிறகு பந்தயம் முழுக்க அவள் இழந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. நான் உள்ளே, வெளியே, க்ளியர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒவ்வொரு க்ளியரும் பொய். அந்தக் கார் அவளை விட்டு நகரவே இல்லை. அவள் மேலே ஏறினால் அது சுவருக்குள் ஒதுங்கிக்கொண்டது. அவள் கீழே இறங்கினால் கூடவே இறங்கியது. வேறு கார்கள் அதன் ஊடாகவே போய் வந்தன.

அதன் சன்னலில் வலை இல்லை.

உள்ளே இருந்தவளின் முழங்கை சன்னல் விளிம்பில் இருந்தது. கோடைக்கால மாலையில் கடைத்தெருவுக்குப் போகிறவளைப்போல.

"க்ளைட்," என்றேன் மெதுவாக.

"அவ பேரச் சொல்லாத," என்றார் அவர், தரையைப் பார்த்தபடியே.

கடைசிச் சில சுற்றுகள். டெலேனி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டாள். எட்டாம் எண் நீலக் கார் உள்விளிம்பை அடைத்துக்கொண்டு ஓடியது. தாண்ட வேண்டுமென்றால் வெளிப்பக்கம் ஒன்றுதான் வழி.

"மேல போறேன்," என்றாள். "க்ளியரா?"

வெண்ணெய் நிறக் கார் அவள் தோளோடு தோளாக இருந்தது. இதுவரை இல்லாதபடி திடமாக. ஈரத் தாரில் அதன் நிழல் விழுவதை அப்போதுதான் பார்த்தேன்.

"மிஸ் ரோண்டா. க்ளியரா?"

இருக்கிறது என்று சொன்னால் அவள் தோற்பாள். இனி எந்தக் காரிலும் உட்கார மாட்டாள். இல்லை என்று சொன்னால் நகர்வாள். நகர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எழுபதுகளில் ஒருத்திக்கு என்ன ஆயிற்று என்பதுதான் தெரியும்.

"ரோண்டா, வாயத் தொற!" வெண்டல்.

ரேடியோவின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். பேசாமல் நின்றேன்.

இரைச்சல் மட்டும் கேட்டது. தகரக்கூரையில் மழை பெய்வதுபோல.

பிறகு, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, ஒரு பெண் குரல். மிக மெதுவாக. காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்வதுபோல.

"க்ளியர்."

டெலேனி மேலே ஏறினாள்.

மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. சிவப்புக் கார் வெண்ணெய் நிறக் காருக்குள் போனது. தண்ணீருக்குள் கை போவதைப்போல. இரண்டும் ஒன்றாக மூன்றாவது வளைவுக்குள் நுழைந்தன. நான்காவது வளைவிலிருந்து ஒரே கார் வெளியே வந்தது.

அது நீலக் காருக்கு முன்னால் இருந்தது. அடுத்த சுற்றிலும். அதற்கடுத்த சுற்றிலும். கொடி விழும்வரைக்கும்.

கீழே கூட்டம் எழுந்து நின்று கத்தியது. வெண்டல் அழுதுகொண்டே சிரிப்பது ரேடியோவில் கேட்டது. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் நின்றதும் ஓட்டுநர் முதலில் சன்னல் வலையை அவிழ்த்துவிட வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம்.

வலை இறங்கவில்லை.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. நான் போய்ச் சேரும்போது வெண்டல் சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தான். "கண்ணு? டெலேனி? ஏ பொண்ணே!" வலை மெதுவாக விழுந்தது. அவள் கவசத்தைக் கழற்றாமல் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். காருக்குள்ளிருந்து பழைய பெட்ரோலின் இனிப்பான நெடி வந்தது. அந்தப் பெட்ரோலை யாரும் விற்று நாற்பது வருடம் இருக்கும்.

"ரொம்ப நன்றி மிஸ் ரோண்டா," என்றாள். "கடைசில என்கூடவே பேசிட்டு வந்தீங்க."

வெண்டல் என்னைத் திரும்பிப் பார்த்தான். "எங்க பேசினா? வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி நின்னா. வெறும் இரைச்சல்தான் வந்துச்சு."

"நான் என்னம்மா சொன்னேன்?" என்று கேட்டேன்.

"க்ளியர்னீங்க. மேல ஏறினப்புறம் பயப்படாதன்னீங்க. நகர வேணாம், அப்படியே இரு, ரெண்டு பேருக்கும் எடம் இருக்குன்னீங்க." எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த வருட வண்டி அவளுக்குக் கிடைத்தது. கோழித்தீவனக் கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டது.

அடுத்த வாரம் வேறு ஊர், வேறு கூரை. அங்கும் அவளுக்கு வெளிப்பக்கம் அது இருந்தது. அதற்கடுத்த ஊரிலும். அந்தப் பருவம் முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே க்ளியர் என்று சொன்னேன். ஒரு திங்கட்கிழமை வெண்டலிடம் போய் ரேடியோவைக் கொடுத்துவிட்டேன். பார்ப்பதைச் சொல்வது என் வேலை. பார்ப்பதைச் சொல்லாமலிருக்கக் கண்ணைப் பழக்கினால் ஒருநாள் நிஜமான காரையும் விட்டுவிடுவேன் என்றேன். எந்தக் காரைச் சொல்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

எனக்குப் பிறகு டெலேனிக்கு வந்த ஸ்பாட்டர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒருவனுக்கு முதுகுவலி. ஒருவனுக்குக் குழந்தை பிறந்தது. இன்னொருவன் காரணமே சொல்லவில்லை.

க்ளைட் தூக்கத்தில் இறந்தார். பைன் ஹாலோவை இடித்துவிட்டுச் சரக்குக் கிடங்கு கட்டினார்கள். முதலாளி குழுவை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவில் மீன் பிடிக்கிறார். டெலேனி ஆறு வருடம் ஓட்டினாள், நான்கு பந்தயங்கள் ஜெயித்தாள், ஒரு தடவைகூட அடிபடவில்லை. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டாள். இப்போது டயர் கடை வைத்திருக்கிறாள், இரண்டு மகள்கள். நான் ஓய்வுபெற்று சால்ஸ்பரியில் தனியாக இருக்கிறேன். கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது.

வெண்டல் போன பிப்ரவரியில் இறந்தான். அடக்கத்துக்கு டெலேனி தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனாள். அகலச் சாலை, பட்டப்பகல், முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. இடது தடத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் இறங்க வேண்டிய கிளைச்சாலையின் பலகை வந்தது. அதற்கு வலப்பக்கம் மாற வேண்டும்.

"மிஸ் ரோண்டா," என்றாள், முன்னால் பார்த்தபடியே. "க்ளியரா?"

வலப்பக்கச் சன்னல் என் தோளுக்கு அருகில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் இல்லம்மா," என்றேன்.

அவள் தலையசைத்தாள். கிளைச்சாலை எங்களைத் தாண்டிப் போனது. அதற்கடுத்ததும் போனது. வெண்டலைப் புதைத்து, ஆட்கள் எல்லாம் கலைந்து போன பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.