பத்து நிமிஷ ஷட்டர்

கல் சரிந்தது!

இடிந்த தேவாலயத்தின் வளைவிலிருந்து. மூன்று ஆள் கனம்.

"ஐயோ...!"

அலறியவர் புகைப்படக்காரர். இடுப்புக்குக் கீழே கல். மேலே, சுவர் விளிம்பில், கடப்பாரையோடு அவருடைய தம்பி.

தம்பி நிதானமாக இறங்கி வந்தான். சட்டையில் தூசி தட்டினான்.

"டேய்... கல்லைத் தூக்குடா...!"

"முதுகு பிடிச்சுக்கும்ணே."

"நான் என்னடா பண்ணேன் உனக்கு?"

"பத்து வருஷமா நான் எடுத்த படத்துக்கெல்லாம் கீழே உன் பேரு. இப்போ புஸ்தகமும் உன் பேர்லயே வருதாம். நல்லாயிருக்கா?"

"உன் பேரையே போடச் சொல்றேன்டா..."

"இனிமே நானே சொல்லிக்கிறேன். நீ சிரமப்படாதே."

அண்ணனின் பார்வை ஸ்டாண்டில் நின்ற ஃபிலிம் காமிரா பக்கம் போனது. லென்ஸ் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி சிரித்தான்.

"அது நம்ம கட்சிண்ணே! கறுப்புக் கண்ணாடி மாட்டி, பத்து நிமிஷம் ஷட்டர் திறந்திருக்கிற மாதிரி வச்சிருக்கே. குறுக்கே நடக்கிறவன் எவனும் ஃபிலிம்ல விழமாட்டான். போலீஸ் கழுவிப் பார்த்தா... காலி சர்ச், விழுந்த கல்லு, நீ. சுத்தமான விபத்து!"

அண்ணன் மூச்சு வாங்கினார்.

"சரிடா... ஒண்ணே ஒண்ணு. தனியா சாக பயமா இருக்கு. அந்தப் படியில உட்காரு. என் கண்ணையே பார்த்துட்டு இரு."

"இவ்வளவுதானே? ஓசியில காட்டுற படம்... பார்க்க மாட்டேனா!"

உட்கார்ந்தான். கன்னத்தில் கை. கண் கொட்டாமல் பார்த்தான். எறும்பு ஒன்று காலில் ஏறிக் கடித்தது. தட்டிவிடக்கூட இல்லை. அத்தனை சுவாரசியம்!

எட்டு நிமிடம்...

அண்ணன் அடங்கினார். ஷட்டர் தானாக மூடிக்கொண்டது.

பிறகுதான் தம்பி போனை எடுத்து அழுதான்.

"கார்ல தூங்கிட்டேன் சார்...! சந்தேகம்னா அந்த ஃபிலிமைக் கழுவிப் பாருங்க சார்...!"

மூன்றாம் நாள். காவல் நிலையம்.

"கழுவிட்டோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாராவது இருக்காங்களா சார்?"

"நடந்தவங்க யாரும் இல்ல."

"நான்தான் சொன்னேனே! தானா விழுந்த கல்லு..."

"உட்கார்ந்தவர் இருக்கார்."

மேஜையில் படத்தை வைத்தார்.

பலிபீடத்தின் படி. அதன் மேல் தம்பி! கன்னத்தில் கை. இளித்த வாய். பிசிறே இல்லை!

"அசையாம இருந்தா ஃபிலிம்ல பதியும்னு தெரியாதா தம்பி?"

தெரியும். பத்து வருடத் தொழில். ரசித்த ரசனையில் மறந்துபோயிற்று.

"ஓடிப்போய் அந்தக் கல்லோட கொஞ்சம் மல்லுக்கட்டியிருந்தா, படத்துல காணாமப் போயிருப்பீங்க."

"அவன்தான் சார்... அவன்தான் உட்காரச் சொன்னான்...!"

சொல்லி முடித்த பிறகுதான் தம்பிக்கே புரிந்தது. இரண்டு விஷயமும்: தான் உளறியதும், அண்ணன் வைத்த பொறியும்.

இன்ஸ்பெக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உங்கண்ணன் கெட்டிக்காரர்யா. சரியான இடம் பார்த்து உட்கார வச்சிருக்கார். முகத்துல என்ன வெளிச்சம்! ஜெயில் ஃபைலுக்கு வேற போட்டோ எடுக்க வேண்டியதில்ல."