திங்களும் வியாழனும் படுக்கும் பேட்டரி

காலை 7.10. கார் மறுபடியும் கிளம்பவில்லை. எட்டரைக்கு அப்பாவுக்கு டயாலிசிஸ். வியாழக்கிழமை வாடகை வண்டி வந்து சேர்வதற்குள் நேரம் போய்விட்டது. இன்றும் தவறினால் தன்னால் ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவசரமாக வரவழைத்த கார் எலக்ட்ரீஷியனை மகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம் நீங்க போட்ட பேட்டரிண்ணே! அப்பா முப்பது வருஷம் மலைப்பாதையில லாரி ஓட்டினவரு. அவரே மட்டமான பேட்டரிங்கறாரு."

எலக்ட்ரீஷியனுக்குச் சுருக்கென்றது. மீட்டரை வைத்துப் பார்த்தார். சார்ஜ்தான் இறங்கியிருந்தது; பேட்டரியில் பழுதில்லை. மின்கசிவும் இல்லை.

"எந்தெந்த நாள் படுத்துச்சு?"

"போன திங்கள் பழைய பேட்டரி. நீங்க புதுசு போட்டும் வியாழன், இன்னைக்குத் திங்கள். எல்லாம் ஆஸ்பத்திரி போற நாள்."

"மத்த நாள்?"

"ஒருதடவை சார்ஜ் ஏத்திட்டா, அடுத்த ஆஸ்பத்திரி நாள் வரைக்கும் சாவி போட்டதும் கிளம்புது."

பேட்டரிக்கு நாள் பார்க்கத் தெரியாது. ஆளுக்குத் தெரியும்.

7.25. காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளப் பார்த்தார். ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் அசையவில்லை. உள்ளே கையை விட்டுப் பார்த்தார். முதல் கியர்.

"கியர்லயா நிறுத்துவீங்க?"

"இல்லண்ணே, எப்பவும் நியூட்ரல்தான்."

"வீட்டுல வேற யாரு?"

"நானும் அப்பாவும்தான்."

பெரியவர் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரீஷியன் அவரருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, மக தூங்கினப்புறம் ஹெட்லைட்டைப் போட்டுட்டு வந்திருக்கீங்க. விடியறதுக்குள்ள போய் அணைச்சிருக்கீங்க. ஷெட் கதவு சாத்தியிருந்தா யாருக்குத் தெரியும்? ஆனா மலையில ஓட்டின கை, வண்டி உருளாம இருக்க கியர் போடாம இறங்காது. அதை நீங்க கவனிக்கல."

பெரியவர் மறுக்கவில்லை. "நல்ல பேட்டரிதான் தம்பி. உன் மேல பழி போட்டது தப்பு."

"ஏம்ப்பா?" பின்னாலேயே வந்திருந்த மகளின் குரல் உடைந்தது.

"முடியலம்மா. போதும்னு சொன்னா நீ அழுவே."

எலக்ட்ரீஷியனுக்குக் கண்டுபிடித்துவிட்ட பெருமை துளியும் இல்லை. வெளியே போய்த் தன் வண்டி பேட்டரியிலிருந்து கார் பேட்டரிக்கு ஒயர் கொடுத்தார். 7.50. இன்ஜின் உறுமியது.

மகள் நாற்காலிக்கருகில் தரையில் உட்கார்ந்தாள். "வண்டி ரெடிப்பா. போலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

டயாலிசிஸ் தொடங்கிய இந்த ஒரு வருஷத்தில் பெரியவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. 

"இன்னைக்கு வரேன். அங்க டாக்டர்கிட்ட நான் பேசுவேன். என்ன சொன்னாலும் நீ குறுக்க பேசக் கூடாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேசலப்பா" என்று எழுந்து கையை நீட்டினாள்.