மூடிய ஷெட்டில் ஓடிய எஞ்சின்

2006 மே 16, செவ்வாய். பிற்பகல் 2.50.

ஆரணி டவுனில் அன்று மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. மே மாத வெயிலில் இந்த வேலையை வைத்த புண்ணியவானை ஊரே திட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் பட்டு வியாபாரி வீரபாகுவின் ஷெட்டு ஷட்டரை, இடுக்கில் கசிந்த புகையைப் பார்த்துவிட்டு மெக்கானிக் பார்த்திபன் கடப்பாரையால் நெம்பித் திறந்தான். உள்ளே நெஞ்சை அடைக்கும் புகை. வீரபாகுவுக்காகப் பார்த்திபன் செய்து கொடுத்த பேட்டரி வண்டியின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியின் பின்தட்டில், மடக்கிய கையைத் தலைக்கு வைத்து வீரபாகு படுத்திருந்தார். உயிர் இல்லை.

ஷட்டர் உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. சாவி வண்டியில் ‘ஆன்’ நிலையில் இருந்தது. அன்று காலைதான், "இந்த வண்டியைப் பிரிச்சி எடைக்குப் போட்டுடு" என்று பார்த்திபனிடம் வீரபாகு நடுத்தெருவில் கத்தியிருந்தார். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? மாலைக்குள் பார்த்திபன் லாக்கப்பில் இருந்தான்.

புதன், காலை 10.30.

"நாலு மணிக்கு கோர்ட்டுக்கு இட்டுகினு போறாங்களாமே மேடம்! அவரு பொய் சொல்றாரு!"

பார்த்திபனின் மனைவி சுபலட்சுமி. இடுப்பில் நான்கு வயது மகள் தீபா. ராத்திரி முழுக்க அழுத கண். கேட்டுக்கொண்டிருந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் ரேணுகாதேவி. அழுகைக்கு மசியாதவர் என்று ஸ்டேஷனில் பெயர். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. இன்னா பொய்?"

"நான்தான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணேன்றாரு. அத்தோட வாயை மூடிக்கிறாரு. அவரு பண்ணல மேடம். உங்க கால்ல விழறேன்."

"அதெல்லாம் வேணாம். நேத்து மதியம் நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்லதான். ஷெட்டுக்குப் பின்பக்கம்தான் எங்க வீடு, ஒரே சுவரு. பாப்பாவுக்கு வீசிங் வந்து உதடெல்லாம் நீலமாயிடுச்சு. நெபுலைசர் மெஷின்ல மருந்து வெச்சி, ஃபேனுக்கு அடியில தூங்க வெச்சேன். ரெண்டே கால் இருக்கும், வண்டி எஞ்சின் சத்தம் கேட்டுது. அவருதான் வந்து ஏதோ பாக்கறாருன்னு நெனச்சிகினு இருந்துட்டேன். வீரபாகு அண்ணன் உள்ள படுத்திருப்பாருன்னு யாருக்குத் தெரியும்?"

ரேணுகாதேவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதியதில் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டார்.

11.15. ஷெட்டு.

அந்தக் காலத்துக் கனத்த சுவர். ஜன்னல் இல்லை. பின்சுவரில், வயர் போகிற அளவுக்கு ஒரு துளை.

"இந்த ஓட்டை வழியாத்தான் மேடம்," என்றார் ஏட்டு சின்னப்பையன். "உள்ள ஆளு தூங்கறாரு. இவன் வெளியில நின்னு வயரை வுட்டு ஸ்டார்ட்டர்ல கரண்ட் குடுத்திருக்கான். எஞ்சின் தானாவா கிளம்பும்?"

பழைய பிக்கப் வண்டி அது. எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்திருந்தான் பார்த்திபன். சீட்டுக்கு அடியிலும் தட்டுக்கு அடியிலும் வரிசையாகப் பேட்டரிகள். ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால், சின்ன பெட்ரோல் எஞ்சினோடு ஒரு ஜெனரேட்டர். பக்கவாட்டில், வீட்டில் இருப்பது போலவே ஒரு பிளக் பாயிண்ட். டேஷ்போர்டில் ஒரு மீட்டர் முள். அதன் அடியில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு.

அந்தக் கோடு என்னவென்று ஏட்டுக்குத் தெரியவில்லை.

12.05. லாக்கப்.

"உன் வண்டி எப்படி ஓடுது, சொல்லு."

எதற்கும் வாய் திறக்காதவன் இதற்குத் திறந்தான். பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

"ஜெனரேட்டருக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க மேடம். சக்கரத்தைச் சுத்தறது மோட்டாரு. மோட்டாருக்குப் பேட்டரி. ராத்திரி வீட்டு கரண்ட்ல சார்ஜ் போட்டா நாப்பது கிலோமீட்டர் ஓடும். அதுக்கு மேல போவணும்னாதான் ஜெனரேட்டர். பெட்ரோல் இருக்கற வரைக்கும் வேலூருக்கே போலாம். தெருவுல நெசவுக்குப் பாவு நூல் நீட்டிகினு இருக்கும்போது புகையில்லாம, சத்தமில்லாம உள்ள போய் பட்டு ஏத்திகினு வரலாம்."

"அப்புறம் வீரபாகு ஏன் எடைக்குப் போடச் சொன்னாரு?"

"பேட்டரியே அரை டன் கனம். நெல்லு ஏத்தினா வண்டி முக்குது. பட்டுக்கு ஓகேங்க, கனமே இல்ல. அவருக்கு ரெண்டும் வேணும்."

"நேத்து வண்டி எங்க போச்சு?"

"காலையில கண்ணமங்கலம். போய்ட்டு வர முப்பத்தாறு கிலோமீட்டர்."

"நாப்பதுல முப்பத்தாறு. வந்ததும் சார்ஜ் போட்டியா?"

"கரண்ட் இல்லையே மேடம்."

"அப்போ பேட்டரி அடியில இருந்துது. சிவப்புக் கோட்டுக்குக் கீழ முள்ளு போனா இன்னா ஆவும்?"

பார்த்திபன் முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் வடிந்துவிட்டது.

"நான்தான் ஸ்டார்ட் பண்ணேன்," என்றான். "எழுதிக்கோங்க. பேஜார் பண்ணாதீங்க."

தூக்குக் கயிற்றை நோக்கி இப்படி ஓடுகிறவனை ரேணுகாதேவி தன் பதினொரு வருட சர்வீசில் பார்த்ததில்லை.

1.20. கோட்டை மைதானம்.

கொலைக் கேஸ் வண்டியை சப்-இன்ஸ்பெக்டரே ஓட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சத்தமே இல்லை. ஏட்டு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முள் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே வந்ததும் வண்டியை ஷெட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தி, ஷட்டரை முழுக்கத் திறந்துவைத்து, சாவியை ஆனில் விட்டு, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இறங்கினார்.

"இப்போ இன்னா மேடம்?"

"டீ சொல்லுங்க."

டீ வந்து, குடித்து, ஆறி, இன்னொன்றும் வந்தது. 2.35-க்கு யாரும் தொடாத வண்டி ஒருமுறை இருமியது. ஜெனரேட்டர் கிளம்பிவிட்டது. ஏட்டு கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

3.10.

பார்த்திபனை ஷெட்டுக்கு அழைத்து வந்தார்கள். சுபலட்சுமி குழந்தையோடு ஓடிவந்தாள்.

"இந்த எஞ்சினை யாரும் ஸ்டார்ட் பண்ணல," என்றார் ரேணுகாதேவி. "சாவி ஆன்ல இருந்து, பேட்டரி கோட்டுக்குக் கீழ போனா அதுவே கிளம்பும். அப்படித்தான் இவரு செஞ்சு வெச்சிருக்காரு."

"ஐயோ, தெய்வமே! அப்போ அவரை வுட்டுடுவீங்களா மேடம்?"

"நிக்கற வண்டியில பேட்டரி ஏன் எறங்கும்? யாரோ அதுல கரண்ட் எடுத்திருக்காங்க." அவர் குரல் தணிந்தது. "சுபலட்சுமி, நேத்து ஊர்ல கரண்டே இல்ல. உங்க வீட்ல ஃபேனும் நெபுலைசரும் எதுல ஓடிச்சு?"

சுபலட்சுமி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பதில் வந்துகொண்டிருக்கும்போதே அதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கரண்ட் போனா இப்படி மாட்டிக்கோன்னு அவருதான்... சாவியைப் போட்டு, வயரை ஓட்டை வழியா... பன்னண்டரைக்கு. ஷட்டரு தொறந்துதான் மேடம் இருந்துச்சு! தொறந்துதான் வெச்சிட்டு வந்தேன்!"

"ஒரு மணிக்கு வீரபாகு சாப்பிட்டுட்டு வந்தாரு. கரண்ட் இல்லாம அவரு வீட்ல ஃபேன் ஓடல. இங்க குளுகுளுன்னு இருக்கும். வெளிச்சம் படக்கூடாதுன்னு ஷட்டரை எறக்கித் தாழ் போட்டுகினு படுத்தாரு. ரெண்டே காலுக்கு முள்ளு கோட்டைத் தாண்டிச்சு. நீங்க கேட்ட சத்தம் அதுதான்."

சுபலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஷட்டரை ஒடைச்சதும் உங்க வீட்டுக்காரர் மொதல்ல பார்த்தது அந்த வயரை. ஆளுங்க வர்றதுக்குள்ள அதை உருவிட்டாரு. வாயைத் தொறந்தா எஞ்சின் ஏன் கிளம்புச்சுன்னு கேட்போம், பேட்டரி ஏன் எறங்குச்சுன்னு கேட்போம். அதான் உங்க பேரு வெளிய வராம பழியைத் தன் மேல போட்டுகினாரு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" சுபலட்சுமி புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "ஏன்யா சொல்லல?"

"வீட்டுக்குள்ள ஓடியாந்தேன், சொல்லத்தான் ஓடியாந்தேன்," என்றான் பார்த்திபன். அவனும் அழுதுகொண்டிருந்தான். "பாப்பா நல்லா மூச்சு விட்டுகினு தூங்குது. நீ அதும் பக்கத்துல உக்காந்து சிரிக்கிற. எப்படி சொல்றது?"

ஏட்டு வெளியே போய்விட்டார்.

"இது கொலை இல்ல," என்றார் ரேணுகாதேவி. "அஜாக்கிரதைன்னு கேஸ் வரும். ஜாமீன் கெடைக்கும். இவரை இப்பவே அனுப்பிடறேன்."

நேற்று முதல் எந்த வார்த்தைக்காகத் தவித்தாளோ அந்த வார்த்தை கிடைத்துவிட்டது. சுபலட்சுமி அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"வீரபாகு அண்ணன் வீட்டுக்கு இதை யாரு மேடம் சொல்லுவாங்க?"

"நாங்க சொல்லிக்கறோம்."

"வேணாம்." அவள் எழுந்து குழந்தையைப் பார்த்திபன் கையில் கொடுத்தாள். "பாப்பாவைப் பாத்துக்கோ. நானே போய் சொல்றேன்."

சாவு வீட்டுப் பந்தல் தெருக்கோடியில் தெரிந்தது. அவள் செருப்புகூடப் போடாமல் அதை நோக்கி நடந்தாள். ரேணுகாதேவி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே போனார்.