ஞானாம்பாளின் டம்ளர்

டம்ளர் வீரையனின் வேட்டி மடிப்பில் இருந்தது, இடுப்பெலும்பை உறுத்திக்கொண்டு. ஆனாலும் கட்டிடத்தின் பின்பக்கமிருந்து டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. ணங். கொஞ்சம் பொறுத்து, ணங்.

அவனுடைய அக்கா ஞானாம்பாளுக்கு வாதம் வந்து பேச்சு நின்று போனது. தாகமெடுத்தால் கட்டில் கம்பியில் டம்ளரைத் தட்டுவாள். இன்று தட்டக் கூடாது என்றுதான் அவன் அதைப் பிடுங்கி வந்திருந்தான். வேறு எதையோ எடுத்துத் தட்டுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டான்.

திருவாரூருக்குத் தெற்கே, வயல் நடுவில் நின்றுபோன அரிசி ஆலை ஒன்றை முதியோர் இல்லமாக்கியிருந்தார்கள். அனுமதிக்கு மேலேயே ஆள் சேர்த்திருந்தார்கள். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால், பின்னறையில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைத் தூக்கிப்போய், அறையை ஒட்டி இன்னும் மூட்டை அடுக்கும் நெல் கிடங்கில் போட்டு ஷட்டரை இறக்கிவிடுவது அங்கே வழக்கம். தூக்குவது வீரையன் வேலை. அவன் உழைப்புக்கு ஈடாகத்தான் அக்காவுக்கு ஒரு கட்டில். அந்தக் கட்டில் போனால் அவளைக் கிடத்த அவனுக்குக் கூரை கிடையாது.

இன்று மத்தியானமும் அக்காவை, சேக் தாவூதை, குரல் எழும்பாத மற்றவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோய்ப் போட்டான். ஐப்பசி மழையில் கிடங்குத் தரை ஓதம் ஏறிக் கிடந்தது. நெல்மூட்டைகளை இறுக்கிப் போர்த்தியிருந்த தார்ப்பாயை உருவி, மடித்து, அக்காவுக்கு மெத்தையாக விரித்தான்.

அதிகாரி ஃபஹ்மிதா வந்து சேரவே பொழுது சாய்ந்துவிட்டது. அவசரப்படுகிறவராகவும் தெரியவில்லை. மழை தகரத்தில் இரைய, பினாயில் வாடையும் புது விரிப்புகளின் கஞ்சி வாடையும் கலந்து மூச்சை அடைக்க, அவர் கட்டில் கட்டிலாக நின்று அழைப்பு மணியை அமுக்கிப் பார்த்தார், கழிப்பறைக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், சாம்பாரைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தார். நோய் வந்தவர்களைத் தனியே வைக்க என்று காட்டப்பட்ட காலியான பின்னறையின் ஜன்னலருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"பூண்டு வாடை அடிக்குதே. சமையல் இந்தப் பக்கமா?"

மேலாளர் அரவிந்தன் சிரித்தான். பெரியவர்களுக்கு வாயுத் தொல்லை, அதனால் பூண்டு ரசம் என்றான். அவர் முன்கூடத்துக்குத் திரும்பியதும் சிரிப்பு போய்விட்டது. வீரையனின் காதோரம் வந்தான்.

"தார்ப்பாயத் தொடலையேண்ணே? காலையிலதான் மூட்டைக்கு வண்டு மருந்து வச்சுட்டுப் போனாங்க. மூடியிருந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

வீரையன் களத்திலும் கிடங்கிலும் முதுகு ஒடிந்தவன். அந்த மருந்தின் புகைக்குத்தான் பூண்டு வாடை, அது பரவிய கிடங்கில் எலிகூட மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும். மழை ஒழுகலுக்குப் போர்த்தியது என்றல்லவா உருவினான்.

ஷட்டரை நோக்கி நகர்ந்தவனின் கையை அரவிந்தன் பிடித்துக்கொண்டான். இப்போது திறந்தால் இல்லத்துக்குச் சீல்தான், அப்புறம் அக்காவை எந்த மதகடியில் கொண்டுபோய்ப் போடுவாய் என்று கேட்டான்.

ணங்.

வீரையனுக்குப் போன மூச்சு வந்தது. தட்டுகிறாள். இருக்கிறாள்.

அதிகாரி நேரே அவனிடம் வந்தார். அவருக்கு அந்தச் சத்தம் கேட்டதாகத் தெரியவில்லை.

"நீங்க சொல்லுங்க பெரியவரே. எல்லாரும் இங்கதான் இருக்காங்களா? வேற எங்கயும் யாரும் இல்லையே?"

வாய் திறந்தது.

ணங்.

இன்னும் சற்று நேரம். தாங்குவாள்.

"எல்லாரும் இங்கதாம்மா."

நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி அவர் கிளம்பினார். கார் விளக்கு வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்குள் வீரையன் ஓடினான்.

ஷட்டர் ஏறியது. பூண்டு. அழுகிய மீன். கண் எரிந்தது.

அக்கா அவன் கிடத்தியபடியே கிடந்தாள். தொட்டான். குளிர். விரல்கள் மடங்கவில்லை. அவள் கைக்கெட்டும் தூரத்தில் தட்டுவதற்கு ஒரு பொருளும் இல்லை. சேக் தாவூதின் வாய் திறந்திருந்தது. மற்றவர்களும். எல்லாரும் அடங்கி வெகு நேரம் ஆகியிருந்தது.

ணங்.

இங்கிருந்து இல்லை. பின்னறையிலிருந்து.

மடியைத் தடவினான். டம்ளர் இல்லை.

வெளியே வந்து பின்னறை ஜன்னல் கம்பி வழியே பார்த்தான். காலிக் கட்டில்கள். வெள்ளை விரிப்புகள். ஒவ்வொன்றும் ஆள் கிடக்கும் குழிவாக அமுங்கியிருந்தது.

அக்காவின் கட்டில் கம்பியில் டம்ளர் மோதியது. ணங்.

பிறகு அந்தக் குழிவு மெல்ல நகர்ந்தது. சுவரோரமாக. இன்னொரு ஆள் படுக்க இடம் விட்டு.