இழுக்காமலே வரும் காற்று

மூன்றாவது ரெகுலேட்டர், அவள் இழுப்பதற்கு முன்பே மூச்சு கொடுத்தது.

கொடுத்திருக்கக் கூடாது. சற்று முன்புதான் கடைக்காரர், முதன்முதலாக முக்குளிப்புக் கருவி வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வதைப் போல, அவளுக்கும் அந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுத்திருந்தார். சிலிண்டரில் மாட்டும் முனையை ரப்பர் மூடியால் இறுக அடைத்துவிட வேண்டும். பிறகு மறுமுனையில் இருக்கும் வாய்ப்பகுதியைப் பல்லில் கவ்வி உறிஞ்ச வேண்டும். எங்கும் ஓட்டை இல்லையென்றால் ஒரு பொட்டுக் காற்றும் வராது, உதடுதான் உள்ளே இழுபடும். முதல் இரண்டும் அப்படித்தான் இருந்தன. மூன்றாவதைக் கவ்வியவள் உறிஞ்சக்கூட இல்லை. நாளெல்லாம் தொலைபேசியில் பேசி வறண்டு கிடந்த தொண்டைக்குள், ஈரமும் இளஞ்சூடுமாக ஒரு காற்று, தூங்குகிறவளுக்கு யாரோ போர்வையை இழுத்துவிடுவது போல அவ்வளவு பதமாக வந்து இறங்கியது.

"இதுல ஓட்டை இருக்கு போலங்க. காத்து வருதே."

கடைக்காரர் வாங்கித் துடைத்துவிட்டுத் தானே உறிஞ்சிப் பார்த்தார். அவர் கன்னங்கள் இரண்டும் குழிந்தன.

"எங்க வருது? கல்லு மாதிரி அடைச்சிருக்கு. வேலை முடிஞ்சு நேரா வர்றீங்களா? அசதியில அப்படித் தோணியிருக்கும்."

அசதி உண்மைதான். மின்சார நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை. காலையில் காதில் மாட்டும் கருவியை மாலைவரை கழற்ற முடியாது. ஊரில் யார் வீட்டில் விளக்கு அணைந்தாலும் திட்டு அவளுக்குத்தான். வீட்டுக்குப் போனால் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடக்கும் மாமனார், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சிட்டு. கணவனுக்குக் கப்பலில் வேலை. தொலைபேசியில் மட்டும் குடும்பம் நடத்துகிறவன். நீச்சல் குளத்தில் முக்குளிப்பு கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே அவள் சேர்ந்தது மீனைப் பார்க்கும் ஆசையில் அல்ல. தண்ணீருக்கடியில் யாரும் கூப்பிட முடியாது, அவ்வளவுதான்.

வாடகைக் கருவிகளின் வாய்ப்பகுதியில் முன்பு கவ்வியவர்களின் பல்தடம் இருக்கும். அதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டியது. அதனால்தான் சொந்தமாக ஒன்று.

"இது புதுசுதானே?"

"புதுசு மாதிரிதான். ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டுத் திருப்பிக் கொண்டுவந்துட்டார். தண்ணியிலேயே இறக்கலை. வீட்டுல அடுத்தடுத்து ஏதோ துக்கமாம், பாவம். ஆசையே விட்டுப்போச்சுன்னார்."

சிலிண்டரில் மாட்டியும் காட்டினார். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஆனாலும் முதலாவதையே எடுத்திருக்கலாம். அது புத்தம் புதிது, பெட்டிகூடப் பிரிக்காதது. எடுக்கவில்லை. முதலிரண்டிலும், சிலிண்டரை மாட்டிய பிறகும், கொஞ்சம் இழுத்தால்தான் காற்று வந்தது. எல்லாவற்றையும் இழுத்து இழுத்து அவளுக்குச் சலித்துப் போயிருந்தது.

அன்று இரவு கணவன் அழைத்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

"ரெகுலேட்டரா? கேஸுக்கு இப்பதானே மாத்தினோம்?"

"இது வேற. தண்ணிக்குள்ள மூச்சு விடறதுக்கு."

"சரிதான். வீட்டுல மூச்சு விட நேரமில்லன்னு சொல்லுவியே, அங்க போயாவது விடு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே கொட்டாவியாகிவிட்டது.

சமையலறையில் பாத்திரம் ஊறிக்கொண்டிருந்தது. கூடத்தில் சிட்டு வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மாமனார் அறையில் ஆக்சிஜன் இயந்திரம் உறுமுவதும் பெருமூச்சு விடுவதுமாக ஓட, அதற்கு மேல் அவருடைய இருமல், ஈரத்துணியைக் கிழிப்பது போல, கிழித்து நிறுத்தி மறுபடி கிழித்துக்கொண்டிருந்தது. அவள் சமையலறைத் தரையில் அலமாரிக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, பையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்து, எதனுடனும் இணைக்காத அந்தக் கருவியை வாயில் கவ்விக்கொண்டாள்.

வந்தது. கேட்காமலே வந்தது. மார்பு தானாக விரிந்தது, தானாகத் தாழ்ந்தது. தோளிலிருந்து ஏதோ இறங்கிப் போனது. இரண்டாவது மூச்சில் ஒரு வாசனை இருந்தது. இருமல் மருந்தின் இனிப்பு, அதற்கடியில் நெடுநாள் படுத்தே கிடக்கும் வாயின் புளிப்பு. எங்கோ தெரிந்த வாசனை என்று நினைத்தபடியே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது வாய்ப்பாடு முடிந்திருந்தது. இருமலும் இல்லை. அப்பாடா, மாமா தூங்கிவிட்டார் என்று எழுந்தாள்.

அதுவே பழக்கமாயிற்று. வேலையிலிருந்து வந்ததும் அந்த மூலையில் கொஞ்ச நேரம். சிட்டு எட்டிப் பார்த்து, "அம்மா, தும்பிக்கை வச்ச யானை மாதிரி இருக்கே" என்று சிரித்துவிட்டு ஓடிவிடுவாள். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி, "முகத்துல என்ன புதுக்களை? எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டாள். உண்மையிலேயே உடம்பு இலேசாக இருந்தது. படி ஏறினால் இளைப்பதில்லை.

மாமனார்தான் தேய்ந்துகொண்டே வந்தார். ஒருநாள் கஞ்சி புகட்டும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் நாவற்பழம் தின்றவை போல நீலம் பாரித்திருந்தன.

"மிஷினைச் சரியா வச்சிருக்கியாம்மா?"

"டாக்டரே பார்த்துட்டுத்தானே போனார் மாமா."

"அதில்லைம்மா. சாயங்காலமானா… யாரோ முதல்ல குடிச்சுட்டு, மிச்சத்தை எனக்குத் தர்ற மாதிரி இருக்கு."

கரண்டி கிண்ணத்தில் தட்டியது. அவள் எழுந்து போய்க் கை கழுவினாள்.

அன்று மாலை மூலையில் உட்கார்ந்து கவனித்துப் பார்த்தாள். கவ்வினாள், உள்ளே இருமல் பாதியில் அறுந்தது. எடுத்தாள், ஒரு நீண்ட, வழுக்கும் இழுப்புச் சத்தம், பிறகு இருமல். மறுபடி கவ்வினாள். அறுந்தது. எடுத்தாள். இருமல்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கருவியைத் துணியில் சுற்றிப் பரணின் கடைசிக்குத் தள்ளினாள்.

அந்த வாரமே மாமனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். செய்தித்தாள் கேட்டார். கூடவே மற்றவையும் கேட்டார்: தண்ணீர், வெந்நீர், சன்னலைத் திற, சன்னலை மூடு, அம்மாடி, அம்மாடி. புயலில் கம்பங்கள் விழுந்து ஊர் பாதி இருளில் கிடந்ததால் அலுவலகத்தில் மூச்சு விடாமல் வசவு. ஒரு மதியம் தொண்டை கட்டி, பாதி நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தாள். சிட்டு பள்ளியில் இருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளிருந்து குரல்.

"அம்மாடி, வந்துட்டியா? கொஞ்சம் இங்க வா."

அவள் நாற்காலி போட்டு ஏறினாள். கொஞ்ச நேரம். ஒரே ஒருமுறை. பரணுக்குள் கை நீண்டது.

அந்த மதியம் காற்று மிக நன்றாக வந்தது. "அம்மாடி" என்ற குரல் இன்னொருமுறை கேட்டது, மெலிதாக. பிறகு கட்டிலின் இரும்பில் நகம் தட்டும் சத்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நகம் தட்டியது. தட்டியது. மெல்ல மெல்ல அந்தச் சத்தம் தேய்ந்தது. திடீரென்று, யாரோ குழாயை மடித்துப் பிடித்தது போல, காற்று நின்றது. உதடு உள்ளே இழுபட்டது.

கல்லு மாதிரி அடைத்துக்கொண்டது.

உள்ளே ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கணவன் வந்தான், அழுதான், காரியங்கள் முடிந்ததும் கப்பலுக்குத் திரும்பினான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: இத்தனை நாள் இருந்ததே உன் கைராசி. அவள் தலையாட்டினாள். இரவில் படுத்தால் தூக்கம் வரவில்லை. மார்பில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றியது போல, ஒவ்வொரு மூச்சையும் அவளே இழுக்க வேண்டியிருந்தது.

பயிற்சியாளர் அழைத்தார். குளத்தில் கடைசித் தேர்வு, ஞாயிறு காலை. "உங்க செட்டையே எடுத்துட்டு வாங்க. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி அது உங்களுக்குப் பழகணும்."

சிலிண்டரில் மாட்டினால் சிலிண்டர் காற்றுதானே வரும்? கடையில் அப்படித்தானே வந்தது? இதைத் தனக்கே பலமுறை சொல்லித்தான் அதைப் பையில் வைத்தாள். சிட்டுவை விட்டுச் செல்ல இப்போது வீட்டில் ஆளில்லை. கூட்டிப் போனாள்.

நல்ல வெயில். குளம் கண்ணாடி போலக் கிடந்தது. குளோரின் நெடி. ஆழமான பக்கத்து விளிம்பில் சிட்டு உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டாள்.

"எழுந்துக்கக் கூடாது. இறங்கக் கூடாது. அம்மா வர்றவரைக்கும் இங்கயே."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்தான் கண்ணு."

பயிற்சியாளர் முதலில் இறங்கினார். அவளும் இறங்கினாள். காற்று வறட்சியாக, சப்பென்று, இரும்பு வாசனையோடு வந்தது. சிலிண்டர் காற்று. வெறும் சிலிண்டர் காற்று. அடியில் முழந்தாளிட்டபோது அழுகையே வந்துவிடும் போல இருந்தது, அவ்வளவு நிம்மதி. முகக்கவசத்தில் புகுந்த நீரை ஊதி வெளியேற்றிக் காட்டினாள். பயிற்சியாளர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிச் சரி என்றார். சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று சொல்லும் அளவுமானியைக் காட்டச் சொன்னார்.

காட்டினாள். முள் முழு அளவில் நின்றது. இறங்கும்போது நின்ற அதே இடத்தில். அவர் புருவம் சுருங்கியது. மானியைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை.

அப்போது காற்று மாறியது.

ஈரம். இளஞ்சூடு. இழுக்காமலே வந்தது.

அதில் இருமல் மருந்து இல்லை. தூங்கும் குழந்தை முகத்தோடு முகம் வைத்துக் கிடக்கையில் மூக்கில் வந்து மோதுமே, பாலும் எச்சிலும் கலந்தது, அந்த மூச்சு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மேலே, வெளிச்சத்தில், இரண்டு சின்னப் பாதங்கள். நுரை பறக்க உதைத்துக்கொண்டிருந்தன. அவள் உள்ளுக்கு இழுத்தாள். பாதங்கள் தடுமாறின. விட்டாள். உதைத்தன. இழுத்தாள். தடுமாறின.

மூச்சை அடக்கினாள். அடக்கவே கூடாது என்பது முதல் பாடம். அடக்கினாள்.

பாதங்கள் உதைத்தன. நன்றாக உதைத்தன.

துப்பிவிடு. வாயைத் திற. மேலே போ. கை கருவியைப் பற்றியது, இழுத்தது. பற்கள் திறக்கவில்லை. எதுவும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அவளுடைய பற்கள்தான். அவளுடைய தாடைதான். எத்தனையோ நாளாகத் தூங்காத உடம்பு, ஓய்வு கிடைத்த இடத்தை விட்டு எழ மறுத்தது.

பயிற்சியாளர் மறுபடி வளையம் காட்டினார். சரியா?

மார்பு எரிந்தது. தொண்டை துடித்தது. கொஞ்ச நேரம். ஒரே ஒருமுறை.

காற்று வந்தது.

பதமாக. ஆழமாக. ஒரு மூச்சு, இன்னொன்று, அதற்குப் பின் இன்னொன்று. அவள் விட்ட குமிழ்கள் வெள்ளி வெள்ளியாக மேலேறி, அசையாமல் தொங்கும் இரண்டு சின்னக் குதிகால்களைச் சுற்றிக்கொண்டு போய் உடைந்தன.