வெள்ளை உறை

தூறலில் நனைந்து வந்த சௌந்திரம், நாற்காலியில் உட்காராமலேயே பேசத் தொடங்கினாள். "பார்சல் போய்ச் சேந்திருச்சுங்கண்ணா. எம்போர்வை மட்டும் போய்ச் சேரலைங்க."

செங்கோட்டையன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்ககிரி லாரி நிறுவனமொன்றில், காணாமற்போன சரக்குகளைத் தேடுவதையே வேலையாகக் கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் கிருத்திகாவுக்கோ வழக்கு என்றால் கால் தரையில் பாவாது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

சௌந்திரத்தின் கணவர் சின்னண்ணன் லாரி ஓட்டியவர். போன ஆடியில் மறைந்தார். அவருடைய சட்டைகளை வெட்டி ஒட்டுப்போட்டு அவள் ஒரு மெத்தென்ற போர்வை தைத்தாள். அழுக்குப் படாதிருக்க அவருடைய வெள்ளை வேட்டியையே உறையாகப் போட்டு, நாற்புறமும் மூடித் தைத்தாள். நாக்பூரிலிருக்கும் மகள் ஷாலினிக்குப் பிறக்கப்போகும் குழந்தை அதில்தான் படுக்க வேண்டும். வழியில் தொலைந்துவிடுமோ என்று பலநாள் பீரோவிலேயே வைத்திருந்துவிட்டு, கடைசியில் புதிய பெட்ஷீட் ஒன்றை மேலே சுற்றி, பார்சல் கடையில் போடச் சொல்லிக் கொழுந்தனார் சண்முகவேலிடம் கொடுத்தனுப்பினாள்.

"பிரிச்சா அந்தப் புது பெட்ஷீட்டு மட்டுந்தான் இருந்துச்சாம். போட்டோ அனுப்பியிருக்கறா."

"சண்முகவேல் அந்தச் சட்டைகள்ல ஒண்ணு கேட்டாருன்னு சொன்னீங்களே அக்கா?" என்றாள் கிருத்திகா.

"கேட்டாரு. அண்ணன் வாசம் அடிக்குதுன்னாரு. நாந்தான் குடுக்கலை." சௌந்திரத்தின் குரல் தாழ்ந்தது.

"பார்த்தீங்களா மாமா!"

"பார்க்கலாம், சாமி. முதல்ல ஷாலினி அனுப்புன போட்டோவை வாங்கிக் காட்டு."

படத்தில் பெட்ஷீட், அருகில், பிரித்துப் போட்ட வெள்ளைப் பார்சல் உறை. கீழே ஷாலினியின் செய்தி: 'கத்திரிக்கோலே ஏறலைம்மா. ஒரு பக்கத் தையலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன்.'

செங்கோட்டையன் குடையை எடுத்தார். மூவரும் கிளம்பினார்கள்.

பார்சல் கடையில், கோணி ஊசியும் கையுமாக இருந்தார் ஆண்டி. சண்முகவேலையும் அங்கேயே வரச்சொல்லியிருந்தார்கள். "அண்ணன் பொருள்ல கை வைப்பனுங்களா?" என்று அவர் அண்ணியைப் பார்க்காமல் கேட்டார்.

பார்சல் சுற்றுவதற்காகக் கடை மூலையில் சுருட்டி வைத்திருந்த காடாத் துணியைச் செங்கோட்டையன் தொட்டுப் பார்த்தார். பழுப்பு நிறம்; ஒற்றைத் துணி.

"கிருத்திகா, இதை வெட்டக் கத்திரிக்கோலுக்குச் சிரமமா?"

"இல்லீங்க மாமா... ஆனா ஷாலினிக்கு ஏறலையே. அதோட, போட்டோவில இருக்குற உறை வெள்ளை."

"அதேதான். வெள்ளை, தடிமன். ஆண்டி, புதுத்துணிமேல பழசு சுத்தி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அப்படியே தைப்பனுங்க."

"பழசுமேல புதுசு சுத்தி வந்தா?"

"வெவரமில்லாம மாத்திச் சுத்தியிருக்காங்கன்னு திருப்பிப் போடுவனுங்க. புதுசு வெளிய இருந்தா லாரி அழுக்குல வீணாப் போயிருமில்லைங்க? ஆயுசுக்கும் பேலு, மூட்டைன்னு கட்டுனவனுங்க நான்..." ஆண்டியின் கையில் ஊசி நின்றது. "ஐயோ, அந்தப் பழைய மெத்தைத்துணி!"

"எதுவும் திருடு போகலைம்மா," என்றார் செங்கோட்டையன். "உள்ள வைக்க வேண்டியது வெளிய போயிருக்கு. நாம எல்லாரும் உள்ள இருந்ததையே பார்த்தோம்."

சௌந்திரம் தன் போனை நீட்டினாள். கிருத்திகா எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷாலினி, அந்தப் பார்சல் உறையை என்ன பண்ணின?"

"தூக்கிப் போடலாம்னுதான் இருந்தேன்க்கா. மெத்துன்னு இருக்குதேன்னு பால்கனியில செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில போட்டிருக்கேன். ஏன்?"

"எடுத்து, உறைத் தையலை மெதுவாப் பிரி."

ஸ்டாண்டு நகரும் சத்தம். பிறகு நூல் அறுபடும் சத்தம்.

"அம்மா," என்றாள் ஷாலினி. "அப்பாவோட காக்கிச் சட்டை. பாக்கெட்டோட இருக்குது."

சௌந்திரம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்டி தலைகுனிந்தார். "வேட்டியில மையால அட்ரஸ் எழுதிட்டனுங்களே. அது போகாதுங்களே."

"என்ன எழுதினீங்க?" என்றாள் சௌந்திரம்.

"நீங்க சொல்லியனுப்பினாப்லதானுங்க. சின்னண்ணன் மகள் ஷாலினின்னு."

சௌந்திரம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அது போக வேண்டாமுங்க," என்றாள். பிறகு கொழுந்தனார் பக்கம் திரும்பினாள். "ஊட்டுக்கு வாங்க. கட்டம்போட்ட சட்டை ஒண்ணு வெட்டாம வெச்சிருக்கறேன்."