கோடு போட்டு வெட்டிய மாத்திரை

“மாத்திரையை ஒழுங்கா எடுத்துக் கொடுக்கக்கூடத் துப்பில்லையா உனக்கு? எங்கம்மாவைக் கொல்லப் பாக்குறியா?”

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். நேற்று மாமியார் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். ஒரே வாரத்தில் இது மூன்றாவது மயக்கம்.

திட்டு வாங்கியது மருமகள். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் அவள். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை உதறிவிட்டு, இரண்டு வருடமாகக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டாள். நாத்தனார் எட்டிப் பார்த்ததெல்லாம் குறை சொல்லத்தான்.

கணவன் பெரிய துணிக்கடையில் கட்டிங் மாஸ்டர். வீட்டிலும் மாஸ்டர்தான்! ரத்தக் கொதிப்பு மாத்திரை தொண்டையில் சிக்குகிறது என்று பத்து நாளைக்கு முன்பு அம்மா சொல்லிவிட்டாள். உடனே நம் மகாமேதை டெய்லர் சாக்பீஸைக் கூராக்கி, மாத்திரையின் நடுவில் கோடு கிழித்து, கத்தரியால் இரண்டாக வெட்டினார். காலையில் பாதி, ராத்திரி பாதி.

“உடைக்கக் கூடாதுன்னு மாத்திரையோட வந்த சீட்டுல போட்டிருக்குங்க...” என்று அவள் அன்றே சொன்னாள்.

“பொடி எழுத்தைப் படிச்சா நீ டாக்டரா? நான் வெட்டினா ஒரு நூல் பிசகாது. நீ போய் கமா, புள்ளியைப் பாரு!”

இப்போது, “ரெண்டு பாதியையும் சேர்த்துக் கொடுத்திருப்பா” என்று அக்கா சொல்ல, அவரும் தலையாட்டினார். இவனுக்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைத்தபடியே அவள் மாத்திரைச் சீட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

எல்லோருமாக மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா மாத்திரை டப்பாவை ஒரு காகிதத்தில் கவிழ்த்தாள்.

“யார் வெட்டினது?”

மாஸ்டர் காலரை நிமிர்த்திக்கொண்டார். “நான்தான் டாக்டர். சரிபாதி!”

“சரிபாதியா? இது பெருசு, இது சிறுசு, மிச்சம் தூளாக் கிடக்கு. அளவு சரியாவே இருந்தாலும் இதை வெட்டலாமா? நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடுற மாத்திரை இது. வெட்டினா ஒரேயடியா இறங்கிடும். பிரஷர் சட்டுனு குறைஞ்சு மயக்கம் வரும், அப்புறம் மறுபடி ஏறும். உடைக்கிறதுக்குன்னு செஞ்சவங்களே கோடு போடலை... நீங்க போட்டுக்கிட்டீங்களாக்கும்! முழுங்க முடியலைன்னா என்கிட்டல்ல சொல்லணும்? வேற எழுதித் தந்திருப்பேனே!”

நாத்தனாருக்குத் திடீரென்று கைபேசியில் அவசர வேலை வந்துவிட்டது.

மாமியார் மகன் பக்கம் திரும்பினாள். “இவ அன்னைக்கே சொன்னாடா... நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க இவளைத் திட்டுறப்போ பெத்த பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராம ஊமையா இருந்துட்டேன்... பாவி நான்! என்னை மன்னிச்சிடு கண்ணு!”

மருமகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு வருட அழுகை அது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. வீட்ல போய்ப் பேசிக்கலாம்” என்று மாஸ்டர் முனகினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பேச என்னங்க இருக்கு? திங்கக்கிழமையிலேர்ந்து நான் அச்சகத்துக்குப் போறேன். காலையில அத்தைக்கு மாத்திரை நீங்கதான் கொடுக்கணும்.” கைப்பையில் பத்திரமாக வைத்திருந்த அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள். “பொடி எழுத்துத்தான். சத்தமாப் படிங்க.”

டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகம் கறுக்க, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“உடைக்கவோ, மெல்லவோ... கூடாது...”

“நடுவுல ‘வெட்டவோ’ன்னு ஒரு வார்த்தையை விட்டுட்டீங்க” என்றாள் அவள். “மறுபடி முதல்லேர்ந்து படிங்க.”